பழைய சேலையில் முதல் குவில்ட்: ஊசியும் நூலும் போதும்

குவில்ட், அதாவது துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வை, தைக்க ஆசைப்பட்டு வீடியோ வீடியோவாகப் பார்த்து, அதில் வருகிற உருளும் கத்தி, கட்டம் போட்ட வெட்டும் பலகை, தனி ஸ்கேல், சுருளாக வரும் பஞ்சு ஷீட் எல்லாவற்றின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "இது நமக்குச் சரிவராது" என்று விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் குவில்ட்டுக்கு அதில் ஒன்றுகூடத் தேவையில்லை. ஒரு பழைய பருத்திச் சேலை, ஒரு நாலு முழ வேட்டி, ஒரு பை வெட்டுத் துணி, ஊசி, நூல், கத்தரிக்கோல், கொஞ்சம் குண்டூசி. தையல் மெஷின் வேண்டாம். எம்பிராய்டரி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஊசியை உள்ளே விட்டு வெளியே எடுக்கும் சாதாரண ஓட்டுத் தையல், அந்த ஒரே ஒரு தையல் வந்தால் முழுக் குவில்ட்டையும் முடித்துவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். துண்டு துண்டாகத் துணியைச் சேர்த்துத் தைப்பது பேட்ச்வொர்க். அது மட்டும் குவில்ட் ஆகாது. மேல் துணி, நடுவில் நிரப்பு, அடித் துணி என்று மூன்று அடுக்கு இருந்து, அந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஓடும் தையல் இருக்கிறதே, அதுதான் குவில்ட். மேல் துணி ஒரே சேலைத் துணியாக இருந்தாலும் அது குவில்ட்தான். வங்காளத்துக் காந்தா பெரும்பாலும் அப்படித்தான், பழைய சேலைகளை அடுக்கி மேலிருந்து கீழ் வரை ஓட்டுத் தையல். அந்தக் காந்தாவும் நம் "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பதில் வரும் கந்தையும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. மராட்டியத்தில் இதே வேலைக்குக் கோதடி என்று பெயர், வட கர்நாடகத்தில் கௌதி. கிழிந்த துணியைத் தூக்கிப் போட மனசு வராத வீடுகளில் பிறந்த கலை இது, கடையில் புதுத் துணி வாங்கி வெட்டுவதெல்லாம் பின்னால் வந்த பழக்கம்.

நான் இங்கே சொல்லித் தரப்போவது கவந்தி. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களில் பலரின் முன்னோர் போர்த்துகீசியர் காலத்தில் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 2003ல் கர்நாடகத்தில் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைதான் கவந்தி. அவர்கள் மேல் துணியைத் தனியாக இணைத்துவிட்டு அப்புறம் மூன்று அடுக்கையும் சேர்ப்பதில்லை. அடித் துணியின் ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, அதை அப்படியே எல்லா அடுக்கோடும் சேர்த்துத் தைத்து, அடுத்த துண்டை வைத்து, ஓரத்தோடு சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். துண்டு இணைப்பதும் குவில்ட் தைப்பதும் ஓரம் அடைப்பதும் ஒரே வேலை. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் துல்லியமாக வெட்ட வேண்டாம், மூலைகள் பொருந்த வேண்டாம், கடைசியில் ஓரத்துக்குப் பட்டி வைத்துத் தைக்கும் பயம் வேண்டாம். முதல் வரியிலேயே ஓரம் முடிந்துவிடுகிறது.

துணி

பருத்தி மட்டும் எடுங்கள். ஜார்ஜெட், சின்தடிக், பட்டு எதுவும் இப்போதைக்கு வேண்டாம், வழுக்கும், மடித்தால் மடிப்பு நிற்காது, ஊசி முனையில் பிசிறு பிசிறாகப் பிரிந்து வரும். இது பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, தொட்டித் தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் முனையில் கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நிற்கும்.

சேலை எவ்வளவு பழசாக இருந்தால் அவ்வளவு நல்லது, ஆனால் நைந்து போனது வேண்டாம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வலை மாதிரித் தெரியும் இடத்தை ஒதுக்குங்கள். அப்புறம் இரண்டு கட்டை விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நன்றாக இழுத்துப் பாருங்கள். சர்ரென்று விட்டால் அந்தப் பகுதி போய்விட்டது. பொதுவாகக் கட்டின சேலையில் காலடி ஓரமும் உட்காரும் பகுதியும்தான் முதலில் நையும், இடுப்பில் செருகும் உள்முனைப் பக்கம் பத்து வருஷம் ஆனாலும் புதிது போலவே இருக்கும். அடித் துணிக்கு அந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் சேலையை வெட்டுவதென்றால் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுங்கள். நான் கேட்காமல் ஒரு சின்னாளப்பட்டிச் சேலையை வெட்டினேன். அது அவர் என்னைத் தூளியில் போட்டு ஆட்டிய சேலை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தத் துண்டுகள் இப்போது குவில்ட்டின் நடுவில் இருக்கின்றன, அவருக்கு அது பிடித்தும் இருக்கிறது, ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

மேல் துண்டுகளுக்கு உங்கள் தெரு டைலரிடம் போய், "அண்ணே, காட்டன் வெட்டுத் துணி இருந்தா ஒரு பை குடுங்களேன்" என்று கேளுங்கள். பிளவுஸ் தைத்து மிஞ்சும் துணி மூட்டையாகக் கிடக்கும். உள்ளங்கை அளவுக்குக் குறையாத துண்டாகப் பார்த்து எடுங்கள். வீட்டில் பழைய சட்டை, பாவாடை, தலையணை உறை, லுங்கி எல்லாம் உதவும். லுங்கிக் கட்டம் நடுவில் இரண்டு இடத்தில் வந்தாலே குவில்ட் களைகட்டிவிடும். ஜீன்ஸ் மட்டும் கையால் தைக்கக் கடினம், விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் துவைக்க வேண்டும். புதுத் துணியானால் கட்டாயம். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், ஒன்று சுருங்கி ஒன்று சுருங்காமல் இருந்தால் தைத்து முடித்த பிறகு இழுத்துப் பிடிக்கும். சாயம் அதைவிடப் பெரிய பிரச்சினை. சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு இவற்றை ஈரமாக்கி ஒரு வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசிக்கொண்டே இருங்கள். புதுச் சுங்குடிச் சேலை வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். கல் உப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். சாயம் ஏற்றும் வேளையில் உப்புக்கு வேலை உண்டு, ஏற்கெனவே தளர்ந்து நிற்கும் சாயத்தை அது பிடித்து வைக்காது. அலசுவதுதான் வழி. மூன்று நாலு அலசலுக்குப் பிறகும் விடுகிறதென்றால் அந்தத் துணியைச் சேர்க்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

துவைத்த துண்டுகளுக்கு லேசாகக் கஞ்சி போட்டு, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே அயர்ன் செய்யுங்கள். வெளிநாட்டில் இதற்கென்று ஸ்ப்ரே விற்கிறார்கள், நமக்குச் சோறு வடித்த கஞ்சி போதும், நன்றாக வடிகட்டித் தண்ணீர் கலந்து. துணி விறைப்பாக நின்றால் ஓரத்தை நகத்தால் கீறி மடித்தாலே மடிப்பு நிற்கும். ஆனால் அடித் துணிக்கும் நிரப்புக்கும் கஞ்சி போடாதீர்கள். மூன்று அடுக்கும் விறைத்தால் ஊசி இறங்காமல் விரல் வலிக்கும்.

உள்ளே என்ன வைப்பது

இலவம் பஞ்சு வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். இலவம் பஞ்சின் இழை குட்டையானது, வழுவழுப்பானது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. தலையணைக்கு அதனால்தான் அது நன்றாக இருக்கிறது. மெல்லிய போர்வைக்குள் வைத்தால் இரண்டு துவைப்பில் நகர்ந்து நகர்ந்து மூலையில் போய்த் திரளும். கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் உப்பலாகவும் லேசாகவும் இருக்கும், ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்களுக்குச் சரி, மதுரை வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு தூங்க முடியாது.

நாலு முழ வேட்டிதான் என் தேர்வு. நாலு முழம் என்பது 72 அங்குலம். அதைப் பாதியாகக் கிழித்தால் 36 அங்குலத்தில் இரண்டு துண்டு. அகலத்தில் 30 அங்குலம் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிட்டால் நம் குவில்ட்டுக்கு வேண்டிய இரண்டு அடுக்கு நிரப்பு தயார். "கிழித்தால்" என்று தெரிந்துதான் சொல்கிறேன். பருத்தித் துணியின் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தால், அது இழை ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு நேராகவே கிழியும். எந்த ஸ்கேலும் அவ்வளவு நேராக வெட்டாது. கிழிந்த ஓரம் கொஞ்சம் நெளிந்தால் அயர்ன் செய்துகொள்ளுங்கள்.

ஊசியும் நூலும்

இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய டப்பாவில் கிடக்கும் துருப்பிடித்த ஊசியால் தைத்துவிட்டு "எனக்குத் தையல் வராது" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன், குறை ஊசியில் இருக்கும். நீலகிரியில் கேத்தியில் 1949ல் தொடங்கிய ஊசித் தொழிற்சாலை இருக்கிறது, கை ஊசி அங்கேயே உருவாகிறது, ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு பாக்கெட் வாங்க பெரிய செலவு ஆகாது. ஊசி எண் கூடக் கூட ஊசி மெலியும். கொஞ்சம் நீளமானதாக, உங்கள் நூல் சிரமமில்லாமல் நுழையும் அளவுக்குக் காது உள்ளதாக எடுங்கள். நீளம் ஏன் என்றால், ஓட்டுத் தையலில் ஒவ்வொரு தையலாக இழுக்க மாட்டோம். நாலைந்து தையலை ஊசியிலேயே கோத்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுப்போம். குட்டை ஊசியில் அது முடியாது.

நூல் ஆங்கர் மாதிரி எம்பிராய்டரி நூல் எடுக்கலாம். ஒரு லச்சியில், அதாவது ஒரு சுருளில், 8 மீட்டர் நூல், அது 6 பிரி, அதாவது 6 மெல்லிய இழை சேர்ந்தது. நான் 3 பிரி சேர்த்துத் தைக்கிறேன், தையல் நன்றாக எடுத்துத் தெரியும். எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30க்கு 36 அங்குலக் குவில்ட்டில் அரை அங்குல இடைவெளியில் வரி போட்டால் மொத்தத் தையல் கிட்டத்தட்ட 55 மீட்டர். தையல் மேலும் கீழும் போய்வருவதற்கும் முடிச்சுக்கும் சேர்த்து 80 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 3 பிரியாகப் பிரித்தால் ஒரு லச்சி 16 மீட்டர் தரும், ஆக 5 லச்சி. எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒரே தடிமனாக இருக்கட்டும்.

நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டாதீர்கள். அடிக்கடி கோர்க்க அலுப்புப்பட்டு இரண்டு முழம் எடுத்தால் நூல் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும், துணிக்குள் போய்ப் போய் வந்து கடைசிப் பகுதி தேய்ந்து பஞ்சாகிவிடும்.

நடுவிரலில் மாட்டும் தொப்பியை, அதாவது திம்பிளை, முதல் நாளிலிருந்தே பழகுங்கள். அரை மணி நேரம் எரிச்சலாக இருக்கும். பிறகு அது இல்லாமல் தைக்க முடியாது. நாலு அடுக்கு, மடிப்பு சேரும் இடத்தில் ஆறேழு அடுக்கு, அதில் ஊசியைத் தள்ளுவது விரல் நுனியால் ஆகிற வேலை இல்லை. ஊசியை இழுக்கக் கை வழுக்கினால் வெடித்த பலூன் துண்டு ஒன்றை வைத்துப் பிடித்து இழுங்கள், கச்சிதமாக வரும்.

தையலைப் பழகுவது

குவில்ட்டைத் தொடுவதற்கு முன் ஓர் அடி நீள அகலத்தில் இரண்டு பழைய துணி, நடுவில் வேட்டித் துண்டு வைத்து, அதில் ஒரு சாயங்காலம் முழுக்க வெறும் வரிகளாகப் போடுங்கள். இடது கை துணிக்கு அடியில், வலது கை மேலே. ஊசியை நேராக இறக்கி, அடியில் இருக்கும் விரல் முனையை லேசாகத் தொட்டதும் மேலே திருப்புங்கள். தொடவில்லை என்றால் அடித் துணியில் தையல் பிடித்திருக்காது. அடிக்கடி திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் தையல் வந்திருக்கிறதா என்று. தொடக்கத்தில் எல்லோருக்கும் மேலே மட்டும்தான் பிடிக்கும்.

ஓர் அங்குலத்தில் மேலே 4 தையல் தெரிந்தால் போதும். சின்னத் தையலாகப் போட வேண்டும் என்பதைவிட, தையலும் இடைவெளியும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில் மனசை வையுங்கள். நூலைச் சுண்டி இழுக்காதீர்கள். தையல் துணியில் படிந்து உட்கார்ந்தால் போதும், குழி விழக்கூடாது. ஒவ்வொரு நூல் முடிந்ததும் தைத்த வரியைக் கட்டை விரலால் நீவிவிடுங்கள், சுருக்கு இருந்தால் அங்கேயே தளர்ந்துவிடும்.

முடிச்சு வெளியே தெரியாமல் ஒளிப்பது இப்படி. ஆரம்பிக்கும் இடத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி மேல் துணியில் மட்டும் ஊசியை விட்டு, நிரப்புக்குள் ஓட்டி, ஆரம்பப் புள்ளியில் வெளியே எடுத்து லேசாக வெடுக்கென்று இழுங்கள். முடிச்சு டப்பென்று உள்ளே போய் நிரப்பில் மாட்டிக்கொள்ளும். முடிக்கும்போதும் துணியை ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு இதே மாதிரி உள்ளே இழுத்து, ஓர் அங்குலம் தள்ளி நூலை வெளியே எடுத்து வெட்டிவிடுங்கள்.

குவில்ட்டைத் தொடங்கலாம்

அடித் துணியை 32க்கு 38 அங்குலமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். சேலையின் அகலம் 45 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கும், அதனால் இணைப்பு இல்லாமலே கிடைத்துவிடும். தரையில் பாயை விரித்து, அடித் துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, சுருக்கமில்லாமல் நீவி, அதன் மேல் வேட்டி அடுக்கு இரண்டையும் சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டு நடுவில் வையுங்கள். மிச்சமிருக்கும் அந்த ஓர் அங்குலத்தை உள்பக்கம் நிரப்பின் மேல் மடித்துக் குண்டூசி குத்துங்கள்.

இப்போது டேக்கா போட வேண்டும், அதாவது பிறகு பிரித்துவிடும் பெரிய பெரிய தையல். நடுவிலிருந்து நாலு பக்கமும் ஓரத்தை நோக்கிப் போங்கள், அப்புறம் நாலு விரல் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக. இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஓரத்திலிருந்து உள்ளே வரும் முறையில், நாம் தைக்கத் தைக்கத் தளர்ந்த துணி எல்லாம் நடுவை நோக்கித் தள்ளப்படும். என் முதல் கவந்தியில் நான் டேக்கா போடவில்லை. நடுவை நெருங்கும்போது அங்கே ஒரு தோசைக்கல் அளவுக்குத் துணி மேடாக எழும்பி நின்றது, எப்படி நீவியும் படியவில்லை, ஐந்து சுற்றைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். பல நாள் வேலை.

துண்டுகளை ஐந்து ஆறு அங்குலத்தில் வெட்டி வையுங்கள், சதுரமோ செவ்வகமோ எதுவானாலும் சரி, ஆனால் இழை நேராக இருக்கட்டும். கோணலாக வெட்டிய துண்டு தைக்கும்போது இழுபட்டு நெளியும். 50, 60 துண்டு தேவைப்படும். எல்லாவற்றையும் இப்போதே வெட்டிவிட வேண்டாம், போகப் போக எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது நன்றாக இருக்கிறது என்று வைத்துப் பார்த்து வெட்டுவதில்தான் இந்த வேலையின் சுகமே இருக்கிறது. வெளுத்த நிறமும் அடர்ந்த நிறமும் மாறி மாறி வந்தால் துண்டுகள் தனித்தனியாகத் தெரியும். எல்லாம் நடுத்தர நிறமாக இருந்தால் தூரத்திலிருந்து பார்க்கையில் ஒரே மங்கலாகிவிடும்.

வலது கைக்காரர்கள் தங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரத்தின் வலது மூலையில் ஆரம்பிக்க வேண்டும், இடது கைக்காரர்கள் இடது மூலையில். முதல் துண்டின் வெளிப்பக்க ஓரங்கள் இரண்டையும் கால் அங்குலம் உள்ளே மடித்து, அடித் துணியின் மடித்த ஓரத்தோடு சரியாகப் பொருத்துங்கள். மற்ற இரண்டு பக்கம் பிசிறாகவே இருக்கட்டும். ஓரத்திலிருந்து நூலிழை தள்ளி, எல்லா அடுக்கையும் பிடித்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே இடப்பக்கம் போங்கள். துண்டு முடிய ஓர் அங்குலம் இருக்கும்போது அடுத்த துண்டை எடுத்து, அதன் வலது ஓரத்தையும் வெளி ஓரத்தையும் மடித்து, முதல் துண்டின் பிசிறை அரை அங்குலம் மூடும்படி மேலே வைத்துக் குண்டூசி குத்தி, நிறுத்தாமல் தைத்துக்கொண்டு போங்கள். மூலை வந்ததும் குவில்ட்டைத் திருப்பிக்கொள்ளுங்கள், எப்போதும் தைக்கும் ஓரம் உங்கள் பக்கமே இருக்க வேண்டும். சுற்றி வந்து முதல் துண்டைத் தொடும் கடைசித் துண்டுக்கு மட்டும் மூன்று பக்கம் மடிப்பு வரும், முதல் துண்டின் பிசிறையும் அதுதான் மூட வேண்டும்.

சித்திப் பெண்கள் நாலு மூலையிலும் சின்னத் துணிகளை மடித்து முக்கோணமாக வைத்துத் தைப்பார்கள். பூலா என்பார்கள், பூ. பூலா இல்லாத கவந்தி உடுத்தாமல் நிற்பது போல என்பது அவர்கள் எண்ணம். நீங்களும் வைக்க நினைத்தால் முதல் சுற்றிலேயே, பிசிறு வெளியே தெரியாமல் மடித்த முக்கோணத்தின் பாதியை மூலைக்குள் செருகி அதையும் சேர்த்துத் தைத்துவிட வேண்டும். நான் வைக்காமல் விடுவதில்லை. இந்த வேலையை யாரிடமிருந்து கற்றுக்கொண்டோமோ அவர்களின் அடையாளம் அது.

இரண்டாம் சுற்று முதல் வரியிலிருந்து அரை அங்குலம் உள்ளே. சுண்டு விரல் அகலம் என்று வைத்துக்கொண்டால் அளக்கவே வேண்டாம், விரலை வைத்து வைத்துப் போகலாம். இந்த இடைவெளி கூடக்கூடாது. துண்டும் துண்டும் சேரும் பக்கவாட்டு மடிப்புக்கென்று நாம் தனித் தையல் போடுவதில்லை, குறுக்கே போகும் இந்த வரிகள்தான் அதைப் பிடித்து வைக்கின்றன. வரி தள்ளிப் போனால் மடிப்பு வாய் திறந்து நிற்கும். இப்படியே சுற்றிக்கொண்டு வந்து முதல் வரிசைத் துண்டுகளின் உள் பிசிறை நெருங்கியதும், அடுத்த வரிசைத் துண்டுகளை மடித்து அதன் மேல் அரை அங்குலம் ஏற்றி வையுங்கள். செங்கல் கட்டு மாதிரி, மேல் வரிசையின் இணைப்பு கீழ் வரிசையின் இணைப்புக்கு நேராக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேராக வந்தால் ஒரே புள்ளியில் மடிப்புகள் குவிந்து ஊசி உடையும்.

வரி நெருங்கும்போது அந்த இடத்து டேக்காவைப் பிரித்துவிட்டு மேலே போங்கள். கொஞ்சம் வளைந்து போனால் பிரிக்காதீர்கள், அடுத்த வரியை அதற்குத் துணையாக வளைத்துப் போங்கள், துவைத்த பிறகு அது தெரியவே தெரியாது. பின்பக்கம் தையல் பிடிக்காமல் விட்டதை மட்டும் கட்டாயம் பிரித்துத் தையுங்கள்.

நடுவில் கடைசியாக மிஞ்சும் இடத்துக்கு ஒரு துண்டை நாலு பக்கமும் மடித்து வைத்து, அதையும் சுற்றிச் சுற்றித் தைத்து மூடுங்கள். அந்த இடத்துக்கு உங்களுக்குப் பிரியமான துணி ஒன்றை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள், நடுவுக்கு வரும்போது நல்லதெல்லாம் தீர்ந்து போயிருக்கும்.

எவ்வளவு நாள் ஆகும் என்றால், துண்டு வைத்து மடித்துக் குத்துவதையும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் எனக்கு இரண்டு கெஜத் தையல் ஓடும். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதம். பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். கழுத்து வலிக்கும் வரை தொடராதீர்கள், ஒரு நூல் முடிந்ததும் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

முடிந்ததும் குண்டூசிகளை எண்ணிப் பாருங்கள். ஆரம்பிக்கும்போதே எண்ணி ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும், குழந்தைக்கு என்றால் இது மிக முக்கியம். இந்த அளவு குழந்தையைப் படுக்கவைத்து விளையாட விடும் விரிப்புக்கு அருமையாக இருக்கும், ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது மேலே போர்த்த வேண்டாம், முகத்தை மூடிவிடும் ஆபத்து உண்டு என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

அப்புறம் துவையுங்கள். துண்டுகளில் இருக்கும் கஞ்சி போக வேண்டும், விட்டால் பூச்சி வந்து அரிக்கும். வாளியில் குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் மிதமான சோப்பு, அரை மணி நேரம் ஊறல், கையால் அமுக்கி அமுக்கி அலசல். பிழியாதீர்கள், முறுக்கினால் தையல் அறும். ஈரத்தில் கனமாக இருக்கும் என்பதால் ஒரே கொடியில் தொங்கவிடாமல் இரண்டு கொடியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காய்ந்ததும் வரிகளுக்கு நடுவில் துணி சின்னச் சின்னதாக உப்பிச் சுருங்கி நிற்கும். அயர்ன் பெட்டியை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.